காலியாகக் கிடந்த பாட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீரிழிவுக்காரரான என் அம்மாவைக் கால் புண்ணுக்காகப் பினாங்கில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஆறாம் நாள், புண்ணில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி என்று சொல்லித் தனியறைக்கு மாற்றினார்கள். பென்சிலின் வகை மருந்துகள் அதனிடம் எடுபடாதாம். வேன்கோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் மருந்தை ஏற்றினார்கள். அப்படியும் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

முன்பு இருந்த வார்டில், அம்மாவின் கால்மாட்டில் கை சுத்தம் செய்யும் திரவப் பாட்டில் மூன்று நாளாகக் காலி. பக்கத்துக் கட்டில் பாட்டிக்குக் கட்டு மாற்றியவர், அதே கையுறையோடு அம்மாவின் போர்வையை விலக்கினார். தாதிகளைத் திட்ட மனம் வரவில்லை. இரவு முழுக்க இரண்டே பேர்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இந்தக் கிருமி பெரும்பாலும் கை வழியாகத்தான் ஆள் மாறுகிறது.

சரி, நாம் மட்டும் என்ன செய்கிறோம்? வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் உதவாது; அதற்கும் கிளினிக்கில் அதைக் கேட்டு வாங்குகிறோம். குறைந்த அளவு மருந்தில் கிருமி பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார். 2019-ல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனை நிர்வாகங்களே, அந்தப் பாட்டில்களைத் தினமும் நிரப்ப ஓர் ஆளைப் போடுங்கள். இரவு வார்டுக்கு இன்னும் ஒரு தாதியையாவது தாருங்கள்.

ஒரு மகள்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு