பதிவுக்கு ஒரு காலைப்பொழுது, அதற்கு முன் பதினான்கு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடு வாங்கி விற்கிற வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று பேச்சு வந்தாலே எல்லோரும் சார்பதிவாளர் அலுவலகத்தைத்தான் கை காட்டுகிறார்கள். வேலூர் வேலப்பாடியில் இருந்த எங்கள் வீட்டை விற்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பதிவு அன்று டோக்கன் நேரத்துக்குப் போனோம், புகைப்படம், கைரேகை, கையெழுத்து எல்லாம் முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம். அந்தக் காலைப்பொழுதுக்கு வந்து சேரத்தான் பதினான்கு மாதம் ஆனது.

அக்ரிமெண்டில் மூன்று மாதக் கெடு எழுதியிருந்தோம். வீடு அப்பா 1991-இல் வாங்கியது, பத்திரத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றிருக்கும், மூலப் பத்திரத்தில் வெறும் வட ஆற்காடு. இரண்டுமே எங்கள் மாவட்டத்தின் பழைய பெயர்கள்தான், அதையெல்லாம் வக்கீல்கள் கண்டுகொள்வதில்லை, ஊர் அறிந்த விஷயம். சிக்கல் சர்வே எண்ணில் வந்தது. பத்திரத்தில் பழைய சர்வே எண், அரசுப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண். இரண்டும் ஒரே மனைதான் என்று சான்று வேண்டும் என்றார் வாங்குபவருக்குக் கடன் தரவிருந்த வங்கியின் வக்கீல். அவர் கேட்டதில் தப்பில்லை, கடன் கொடுப்பவர் எந்த மனைக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? ஆனால் சர்வேயர் வந்து அளந்து அந்தக் காகிதம் கைக்கு வர நாலு மாதம் போனது.

அப்புறம், சொத்தின் மேல் பதிவான கிரயம், கடன் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றில் அப்பாவின் பழைய வீட்டுக் கடன் தலைகாட்டியது. கடைசி தவணை வரை கட்டி, பத்திரத்தையும் திரும்ப வாங்கி வைத்திருந்தார். கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டதால், காகிதத்தில் கடன் அப்படியே உயிரோடு இருந்தது. கடன் கொடுத்தவர்கள் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போட ஆள் அனுப்பும் வரை காத்திருந்தோம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. உண்மையான தாமதம் ஒன்பது வருடத்துக்கு முன்னால், அப்பா காரியம் முடிந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது. வாரிசுச் சான்று வாங்கலாம், பெயர் மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது, வாய் திறக்கவில்லை. ஈரம் காய்வதற்குள் சொத்துப் பேச்சு எடுக்கிறான் பார் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அண்ணனுக்கும் அதே தயக்கம் இருந்திருக்கிறது, தன் பாகத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தரத் தயாராக இருந்தார் என்று பின்னால் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது. அண்ணனும் போய்ச் சேர்ந்தார், அவர் பங்கில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கும் பாகம் வந்துவிட்டது.

மைனர் பாகத்தை விற்கத் தாயாகவே இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும், 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் அப்படிச் சொல்கிறது. நல்ல சட்டம்தான், என் அண்ணன் மகளுக்கு அது காவல். ஆனால் சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு ஏழு மாதம் நடந்தோம். அந்தப் பெண்ணின் பங்கு இப்போது அவள் பெயரில் வங்கி டெபாசிட்டில் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் அவதிப்பட்டவர் வாங்க வந்த மனிதர். குடியாத்தத்துக்காரர், காட்பாடியில் வாடகைக்கு இருந்தார். வங்கி கொடுத்த கடன் அனுமதி காலாவதியாகி மறுபடி விண்ணப்பித்தார், வில்லங்கச் சான்றும் புதுத் தேதிக்கு மறுபடி எடுத்தார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இதற்கு வங்கி கடன் தராது என்பதால் அவ்வளவு பணத்தையும் கையில் தொடாமல் வைத்திருந்தார். ஒருநாள் கூட எங்களிடம் குரல் உயர்த்தவில்லை, அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. பழைய எண்ணுக்கு எந்த டவுன் சர்வே எண் என்பதை மனு போட்டு வாங்கும் நிலை வேண்டாம், வில்லங்கச் சான்று மாதிரி இணையத்தில் யாரும் எடுக்கும்படி வையுங்கள். கடன் தீர்ந்தால் ரசீதைப் பதிவு செய்து கொடுப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு என்று கெடுவோடு விதி செய்யுங்கள்.

சாவி கொடுத்த அன்று வாங்கியவரிடம், டவுன் சர்வே பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். போன வாரம் போன் செய்தார், நகல் எடுத்துப் பத்திரத்தோடு வைத்துவிட்டாராம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், வேலூர்