சந்தா கட்டினால்தான் வானொலியா?

அன்புள்ள சேது,

இங்கு நலம். கற்பகத்துக்கு மூட்டுவலி குறையவில்லை. சின்னவனுக்குப் பெண் பார்த்தாயிற்று. நாள் குறித்ததும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்த கடிதத்துக்கு இப்போதுதான் பதிலா என்று திட்டாதே. அதில் போகிற போக்கில், "ஆகாசவாணி, தூர்தர்ஷனை இணையத்தில் பார்க்கச் சந்தா போட்டுவிட்டால் தீர்ந்தது" என்று எழுதியிருந்தாயே, அது எனக்குச் செரிக்கவே இல்லை. ஓய்வு பெற்றும் உன் வங்கிக்காரப் புத்தி போகவில்லை!

உன் வழியிலேயே கணக்குப் பார்ப்போம். கோபுரத்திலிருந்து ஒலிபரப்பினால் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஆள் சேரச் சேரச் செலவும் ஏறும். 2024 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில், ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் என்ற இணையச் செயலிக்கும் இதே நிலைதான். மானியமோ ஆண்டுதோறும் டெல்லி பார்த்துக் கொடுப்பது. அதனால் சந்தாவில் கண் போவது புரிகிறது. ஆனால் மாதக் கட்டணம் இல்லை என்பதற்காகவே தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் தட்டு மாட்டியிருக்கும் நம் செல்லையா எங்கே போவான்?

வழியும் அந்த ஃப்ரீ டிஷ்ஷிலேயே இருக்கிறது. அதில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கொட்டுகின்றன. அதில் ஒரு பங்கு இணையச் சேவைக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். எந்த அமைச்சரும் கை வைக்கக் கூடாது. ஜெர்மனியில் பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வசூலிக்கிறார்கள். எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுச் சொல்வது தனி ஆணையம். ஒரு மாநிலம் கட்டண உயர்வுக்கு முட்டுக்கட்டை போட்டபோது, 2021-இல் அரசியல் சாசன நீதிமன்றமே தலையிட்டு உயர்த்தியது. இங்கே பிரசார் பாரதிக்கு 1990-இல் சட்டம் போட்டு 1997-இல் தன்னாட்சி என்றார்கள். சம்பளம் இன்றும் அரசுப் பணத்தில்தான்.

வானொலி நிலையத்து ஒலிநாடா அறைக்கு ஒருமுறை போயிருந்தேன். அட்டைப்பெட்டிகளின் முதுகில் நீல மசியில் ராகம், தேதி, நிமிடம் எல்லாம் யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். ஒரு நாடாவைத் தொட்டதும் விரலில் பழுப்புத் தூள் ஒட்டியது. சேது, அவை உதிர்ந்துகொண்டிருக்கின்றன. நம் அப்பாக்கள் தபால் ஆபீஸ் வரிசையில் நின்று வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் கட்டிய காலத்துப் பதிவுகள் அவை. அவற்றைக் கேட்கப் பேரப்பிள்ளைகளிடம் மறுபடி காசு வாங்குவது அநியாயம்.

ராமசாமி சாரிடம் கேட்டுப் பார், என் பக்கம்தான் பேசுவார். தை பிறந்ததும் வா, மீதிச் சண்டையை நேரில் போடலாம். பாக்கியத்தை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
நடராஜன்