கச்சான் போடாத மா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்: "முந்தி உங்கட மாவில கச்சான் மணக்குமே, இப்ப ஏன் இல்லை?" எங்கள் சத்துமாவில் கச்சான் (நிலக்கடலை) போடாத காரணத்தைக் கடையில் நின்றபடி சொல்லத் தொடங்கினால், பின்னால் நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். அதனால் எழுதுகிறேன். ஒரு கிலோப் பக்கற் ஏன் போடுவதில்லை, மாரி வந்தால் மா ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விகளுக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

எங்கள் சத்துமா வியாபாரமாகத் தொடங்கியதல்ல. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அம்மம்மா மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தார். பொருளாதாரத் தடைக் காலம். பால்மா வந்தால் விலை, பல நாள் வரவே வராது. அண்ணன் அப்போது பல் முளைக்கிற பிள்ளை. நிவாரண அரிசியில் ஒரு சுண்டு, குரக்கன் (கேழ்வரகு) அரைச் சுண்டு, இரண்டு பிடி பயறு என்று வறுத்து, திரிகையில் அரைத்து, அரித்து, அம்மம்மா அவனுக்குக் கஞ்சி காய்ச்சினார். பக்கத்துக் கொட்டில் பிள்ளைக்கும் கொஞ்சம் போனது. நாலு நாளில் அந்தப் பிள்ளையின் தாய் தன் அரிசியோடு வந்து, "இதையும் வறுத்து அரைச்சுத் தாங்கோ அம்மா" என்றார். கூலி ஒரு சுண்டு மா. எங்கள் முதல் வருமானம் அதுதான்.

2002இல் ஏ9 பாதை திறந்தபின் மில்லுக்கு டீசல் தாராளமாக வந்தது. ஊர் திரும்பியிருந்த அம்மா மில்லில் அரைப்பித்து, பொலித்தீன் பையில் போட்டு, மெழுகுதிரிச் சுவாலையில் வாயை ஒட்டி, சைக்கிளில் கடைகளுக்குக் கொண்டுபோனார். 2008 கடைசியிலிருந்து போரில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் பெரும்பாலானோர் அதே பாதையால் நடந்தவர்கள்தான். மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது முற்றத்துப் பற்றைக்குள் திரிகையின் கீழ்க்கல் மட்டும் கிடந்தது. மேல்கல்லை இன்றுவரை காணவில்லை. கடை வாசலில் நீங்கள் செருப்புக் கழற்றும் இடத்தில் கிடக்கிறதே, அந்தக் கல்தான்.

சரி, கச்சானுக்கு வருவோம். திரும்பத் தொடங்கிய காலத்தில் முல்லைத்தீவுக் கச்சானை வறுத்துச் சேர்த்தோம். ருசி சொல்லி வேலையில்லை. பிள்ளைகள் வெறும் மாவையே அள்ளித் தின்றார்கள். ஒருநாள் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் நாற்பது பக்கற்றையும் திருப்பி அனுப்பினார். அம்மா ஒன்றை வெட்டி மூக்கருகே பிடித்தார். பழைய எண்ணெய்ச் சிக்கு மணம். பக்கற்றில் போட்டிருந்த திகதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எல்லாவற்றையும் மாட்டுக்குக் கொட்டினோம். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. கச்சானில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். குரக்கனில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. முழுக் கச்சானாக இருக்கும்வரை அந்த எண்ணெய் பருப்புக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அரைத்தால் மா முழுவதும் பரவிக் காற்றுப் படும். அதற்குமேல் தகரக் கூரைக் கடையின் வெக்கை. பழுதாகாமல் என்ன செய்யும்? கெடாமலிருக்க ஏதாவது போடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. நாங்கள் கச்சானை நிறுத்திவிட்டோம். ஆசைப்படுகிறவர்கள் சாப்பிடும்போது நாலு கச்சானை இடித்துப் போடுங்கள், அதுதான் நல்ல ருசி. மற்றதெல்லாம் எண்ணெய் குறைந்த சாமான் என்றாலும், பக்கற்றைத் திறந்தால் மணம் போகும், ஈரம் ஏறும். அதனால்தான் 250 கிராமுக்கு மேல் போடுவதில்லை.

இப்போது மாவில் இருப்பது சிவப்புப் பச்சையரிசி, குரக்கன், பயறு, உழுந்து. நான்கையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் எங்களுக்கு வேலை பாதி. ஆனால் உழுந்து சிவக்கிற நேரத்தில் அரிசி பச்சையாகவே இருக்கும். அதனால் தனித்தனியாகத்தான் வறுக்கிறோம். அதிலும் குரக்கன் ஒரு சோதனை. கடுகளவு தானியம், அதே அளவில் மணல். அரிக்கன்சட்டியில் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி ஊற்றினால் தானியம் தண்ணீரோடு போகும், மணல் சட்டியின் வரிகளில் தங்கும். மூன்று தரம் அரிக்க வேண்டும். பிறகு பாயில் காயவைத்துத் தாச்சியில் போட்டால் மழைத்தூறல் மாதிரிப் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் குறையும்போது இறக்க வேண்டும். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். என்றாலும் இந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது, நான் கூப்பிட்டால்தான் கேட்பதில்லை.

அரித்ததைக் காயவைக்க மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். மாரி மழையில் அதற்கு வழியில்லை. அரைகுறையாகக் காய்ந்ததை அரைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் அடுப்பு எரியாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2020இல் உழுந்து இறக்குமதியை நிறுத்தியபோது வவுனியா உழுந்தின் விலை எங்கள் கைக்கு எட்டாமல் போனது. உழுந்தைக் குறைத்துப் பயறைக் கூட்டினோம். கடையில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு ஆச்சி மட்டும் கண்டுபிடித்து, "மா ஒட்டுதில்லைப் பிள்ளை" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து கலவை மாறினால் பக்கற்றில் எழுதி ஒட்டுகிறோம்.

சீனி வருத்தத்திற்கு (நீரிழிவுக்கு) நல்லதா என்று கேட்கிறீர்கள். குரக்கனில் கல்சியம் நிறைய, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அரிசியோடு பயறு சேர்ந்தால் ஒன்றில் குறைந்த புரதக்கூறை மற்றது நிரப்பும். இவ்வளவும் சரி. ஆனால் அரைத்த மா கஞ்சியாகப் போனால் சீனியை ஏற்றத்தான் செய்யும். இது காலைச் சாப்பாடு, மருந்தில்லை. அளவை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

சூரிச்சில் இருக்கும் மாமாவின் மகன், இதையே மூஸ்லி (ஓட்ஸ் சேர்ந்த காலைச் சாப்பாடு) மாதிரி மட்டைப்பெட்டியில் போட்டால் அங்கே நல்லாய் ஓடும் என்கிறான். தேடிப் பார்த்தேன். மூஸ்லியை அந்த ஊரில் பிர்ச்சர்-பென்னர் என்ற டொக்டர் 1900ஐ ஒட்டித் தன் நோயாளிகளுக்காகச் செய்திருக்கிறார். அதில் ஓட்ஸ் ஒரு கரண்டிதான், மிச்சத்தில் பெரும்பங்கு துருவிய அப்பிள். அதுவும் அம்மம்மா கதை மாதிரித்தான் இருக்கிறது, வியாபாரமாகத் தொடங்கியதல்ல. எங்கள் வளவில் பப்பாசிதான் காய்க்கிறது. பெட்டி யோசனையைப் பிறகு பார்ப்போம்.

இந்த வருடத்துக் கடைசி வறுவல் ஐப்பசி இரண்டாம் கிழமை. அடுத்தது புதுக் குரக்கன் வந்து காய்ந்தபின், மாசிக் கடைசியில். கைக்குழந்தை இருக்கும் வீட்டார் இப்போதே சொல்லிவையுங்கள், உங்கள் பங்கை அரைக்காமல் வறுத்த தானியமாக எடுத்துவைத்து, கேட்கும்போது அரைத்துத் தருகிறோம். போத்தல் கொண்டுவந்தால் பக்கற் காசைக் கழித்துவிடுவோம். மூடி இறுக்கமானதாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மா வறுக்கிற வீட்டார்