சிற்றலைக்குத் திரும்பியது பற்றி மகளுக்கு

குளுகோர், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். போன வாரம் பேசியபோது, "கைப்பேசியிலேயே எல்லா நாட்டு வானொலியும் தெளிவாக வருகிறதே, இரவில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரைச்சலை ஏன் கேட்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது.

தொலைதூர நாட்டு நிலையங்களைக் கொண்டுவரும் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி நம் வீட்டில் அப்பாவுடையது. பகலில் மலேசிய அரசின் தமிழ் வானொலியான 'வானொலி 6' ஒலிக்கும், இரவு அவருக்கு. பி.பி.சி. தமிழோசை இந்திய நேரப்படி 9.15-க்கு, நம் கடிகாரத்தில் 11.45-க்கு வரும். நீ விழித்துவிடக் கூடாது என்பதற்காக ஒலியைக் குறைத்து, பெட்டியைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி இருட்டில் உட்கார்ந்திருப்பார். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பை மட்டும் நானும் கேட்க வேண்டுமென்று சற்று உரக்க வைப்பார். தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசும் தமிழை, மறுநாள் வகுப்பில் என் மாணவர்களிடம் நான் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நம் பினாங்குக்கும் சிற்றலைக்கும் பழைய உறவு உண்டு என்பதை அப்பா பெருமையாகச் சொல்வார்: 1934-லேயே இங்கிருந்த வயர்லெஸ் சங்கம், இசட்.எச்.ஜே. என்ற அழைப்புக்குறியில், மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் சிற்றலையில் ஒலிபரப்பியது.

அப்பா 2016-இல் நம்மை விட்டுப் போனார். அடுத்த ஆண்டு ஜனவரி 31-இல் ஆஸ்திரேலிய வானொலி சிற்றலையை நிறுத்தியது. ஏப்ரல் 30-இல், 1941 முதல் ஒலித்து வந்த தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் முடிந்தது. 2018-இல் மணிலாவின் வேரித்தாஸ் வானொலியும் சிற்றலையிலிருந்து விலகியது. கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை என்று எண்ணிப் பெட்டியை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பேட்டரிகளைக் கழற்றாமல் வைத்தது என் தவறு. இந்த ஆண்டு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது திறந்து பார்த்தேன். உள்ளிருந்த சுருள்கம்பிகள் பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. பழுது பார்ப்பவர் ஒருவரும் கிடைக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரமே டெக்சன் பி.எல்-330 என்ற சிறிய பெட்டி ஒன்றை வாங்கினேன்.

முதல் இரவு ஏமாற்றமாகவே இருந்தது. எந்தப் பட்டைக்குத் திருப்பினாலும் வண்டு கூட்டமாகப் பறப்பது போன்ற ஒரே ரீங்காரம். அப்பா உயிரோடு இருந்தபோது வீட்டில் இத்தனை மின்கருவிகள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். கைப்பேசி சார்ஜர் கொஞ்சம் கரகரத்தது. சாமி மேடையில் நீ வாங்கி வைத்த எல்.இ.டி. விளக்கைப் போட்டதும் ரீங்காரம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, இப்போது அங்கே நல்லெண்ணெய் விளக்குதான் எரிகிறது. அதன் பிறகு, பாலம் தெரியும் ஜன்னலின் சட்டம் நெடுக ஐந்து மீட்டர் மெல்லிய கம்பியை ஏரியலாக ஓட்டினேன். கான்கிரீட் சுவருக்குள் வர மாட்டேன் என்றிருந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

சூரியன் மறைந்த பிறகு கேட்பது ஏன் என்றும் நீ கேட்டாய். பகலில், வானில் வெகு உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றாலான அயனி மண்டலத்தின் தாழ்ந்த அடுக்கு, குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலைகள் அதற்கு மேலேயுள்ள அடுக்குவரை சென்று, அங்கிருந்து வளைந்து தரைக்குத் திரும்புகின்றன. இப்படி மேலே போய்த் திரும்பும் ஒரு தாவலில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் வரைதான் கடக்க முடியும். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் தரையிலோ கடலிலோ பட்டு மீண்டும் எழ வேண்டும்.

இனி, உண்மையில் சொல்ல வந்தது. ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இரவு 9 மணி ஆக ஓரிரு நிமிடம் இருக்கும்போது, இரைச்சலுக்கு நடுவே ஒரு பறவை கூவியது. மணியை மென்மையாகத் தட்டியது போன்ற மூன்று நான்கு சுரங்கள், அமைதி, மறுபடியும் அதே சுரங்கள். நியூசிலாந்து வானொலியின் பசிபிக் சேவைக்கு அந்த நாட்டு மணிப்பறவையின் குரல்தான் அடையாள ஒலி. தாவுப்போவுக்கு அருகே ரங்கிதைக்கியில், 2024-இல் நிறுவிய 100 கிலோவாட் ஒலிபரப்பியிலிருந்து வருவது. பசிபிக் தீவுகளுக்காக அனுப்பப்படுவது, நமக்காக அன்று. ஆனாலும் 9,000 கிலோமீட்டருக்கு மேல், குறைந்தது மூன்று தாவல்களில் கடந்து, நம் வீட்டு ஜன்னல் கம்பிவரை வந்திருந்தது. செய்தி வாசிப்பவரின் குரல் எழுந்து, தேய்ந்து, ஒரு வாக்கியம் முழுவதும் காணாமல் போய், மீண்டும் வந்தது. அதே நாட்டில், நீ இருக்கும் வெல்லிங்டனில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நீ தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன்.

கைப்பேசியில் உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வருகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்பது அதில் கேட்பதில்லை. அந்தச் செய்தி வாசிப்பவரின் குரலில் கேட்டது. நீ கேட்டதற்கு இதுதான் என் பதில்.

ஓர் உதவி வேண்டும். வெல்லிங்டனுக்குப் போகும்போது அப்பாவின் நீல அட்டைக் குறிப்பேட்டை எடுத்துச் சென்றாயே, அதன் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. 1990-களில் ஒரு முறை நியூசிலாந்தைப் பிடித்ததாக அவர் சொன்ன நினைவு இருக்கிறது. அது எந்த நாள், எந்த அலைவரிசை, ஒலியின் தரத்துக்கு எந்த ஐந்து எண்களைப் போட்டிருந்தார் என்று பார்த்துச் சொல். ஒவ்வோர் எண்ணும் ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்து என்றால் மிக நன்று; நான் அன்று போட்டது 24322. படம் எடுக்கும்போது பக்கத்தின் இடது ஓரமும் விழும்படி எடு. அன்றைக்கு மழையா, மின்னலா என்பதை அப்பா அங்கேதான் பென்சிலால் சிறிதாக எழுதி வைப்பார்.

அன்புடன்,
அம்மா