எட்டு நிமிட நோயாளி

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள இராசநாயகம்,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கைத்தொலைபேசியில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறவன் எதற்காக நான்கு பக்கம் கையால் எழுதினாய் என்று முதலில் யோசித்தேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் காரணம் விளங்கியது. கலியாண எழுத்து முடிந்து எட்டு மாதமாகியும் மகள் தர்சினி டொரன்டோவுக்கு வருவதற்கு ஆயத்தம் செய்யாமல் மான்செஸ்டருக்குப் போக நிற்பது ஏன் என்று சம்பந்தி அம்மா உன்னைக் கேட்டிருக்கிறார். கலியாணத்தைப் பேசி முடித்தவன் நீ என்பதால் பதில் சொல்லும் பொறுப்பும் உன் தலையிலேயே விழுந்திருக்கிறது. ஆகவே விபரமாக எழுதுகிறேன். நீ அவருக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கும் மருமகனுக்கும் இடையில் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. இந்த முடிவை அவர்கள் இருவரும் சேர்ந்தே எடுத்தார்கள், எனக்குத்தான் கடைசியாகச் சொன்னார்கள். கேட்டவுடன் நானும் உன்னைப் போலவே கோபப்பட்டேன். கணவன் கனடாவில் இருக்க, மனைவி இங்கிலாந்துக்குப் போய்ப் பரீட்சை எழுதுவது எந்த ஊர் நியாயம் என்று சத்தம் போட்டேன். அதன் பிறகு அவள் ஒரு பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்து, இரண்டு பாதைகளையும் கோடு போட்டுக் காட்டினாள். அன்று இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

கனடாவுக்கு நேரே வந்தால் நடப்பது இதுதான். மட்டக்களப்பில் அவள் பெற்ற மருத்துவப் பட்டத்தை மூல நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்வார்கள். பிறகு கனடா மருத்துவக் கவுன்சிலின் முதற்பகுதித் தேர்வு. அதன் பிறகு நோயாளியாக நடிப்பவர்களை வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வு. இவற்றில் அவள் சித்தியடைவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் சித்தியடைந்த பின்னும் அவள் வைத்தியராக முடியாது. வைத்தியசாலை ஒன்றில் பயிற்சி வைத்தியராக இடம் கிடைத்தால்தான் அனுமதிப் பத்திரத்துக்கு வழி பிறக்கும். அந்த இடங்களைப் பங்கிடும் முறையில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட இடங்கள் மிகச் சில. விண்ணப்பிப்பதற்கே நிரந்தர வதிவிட உரிமையோ குடியுரிமையோ வேண்டும். உங்கள் ஒன்டாரியோவில் இடம் கிடைத்தவர்களும் பயிற்சியின் பின் ஐந்து வருடம் மாகாணத்துக்குச் சேவை செய்வதாகக் கையொப்பமிட வேண்டும். அந்த ஐந்து வருடத்தை நான் குறை சொல்லமாட்டேன், மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் டொக்டர் கேட்டு அலைந்த எங்களுக்கு அந்த நிபந்தனையின் நியாயம் விளங்கும். இடம் கிடைக்காதவர்களின் கதைதான் கொடுமை. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். ஆனால் பட்டம் பெற்று எத்தனை வருடமாயிற்று, கடைசியாக எப்போது நோயாளியைப் பார்த்தாய் என்று கேட்பவர்களும் அவர்களேதான். காத்திருக்கச் சொல்லிவிட்டு, காத்திருந்தாய் என்பதையே குறையாக எழுதிக்கொள்கிறார்கள்.

2022இல் கனடாவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, அங்கே வளர்ந்தோரில் சுமார் 65 இலட்சம் பேருக்குக் குடும்ப வைத்தியர் இல்லை. உனக்கே இரண்டு வருடமாக இல்லை என்று நீதான் முன்பு எழுதியிருந்தாய். அதே கடிதத்தில், உன்னை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றிவந்த டாக்சிச் சாரதி தன் நாட்டில் குழந்தை வைத்தியராக இருந்தவர் என்றும் எழுதியிருந்தாய். இரண்டு செய்திகளுக்கும் இடையில் நீ ஒரு முற்றுப்புள்ளி மட்டுமே வைத்திருந்தாய். நான் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இனி இங்கிலாந்துப் பாதையைச் சொல்கிறேன். அங்கே இரண்டு தேர்வுகள். முதலாவது, மூன்று மணித்தியாலத்தில் 180 வினாக்கள். அதைக் கொழும்பிலேயே எழுதலாம். கலியாணம் பேசுவதற்கு முன்பே அவள் அதில் சித்தியடைந்துவிட்டாள். அந்தச் சித்தி செல்லுபடியாகும் காலம் இரண்டு வருடம். அதற்குள் இரண்டாவது தேர்வை எடுக்க வேண்டும், அது மான்செஸ்டரில் மட்டுமே நடக்கிறது. 16 அறைகள், ஓர் அறைக்கு எட்டு நிமிடம், பெரும்பாலானவற்றில் ஒரு நடிகர் நோயாளியாக இருப்பார். இதற்கு மேல் ஆங்கிலத் தேர்வில் மொத்தமாக 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7. ஒரே நாள் காலையில் தமிழிலும் சிங்களத்திலும் நோயாளியிடம் விபரம் கேட்டு, ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிற பிள்ளைக்கு முதல் இரண்டு மொழிகளுக்கும் உலகத்தில் எங்கேயும் புள்ளி கிடையாது என்பது எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

அவளுடைய கணக்கு இதுதான். இங்கிலாந்தில் பதிவு பெற்று, வேலையெடுத்து, மூன்று வருடக் குடும்ப வைத்தியப் பயிற்சியை முடித்துத் தேறினால், கனடாவின் குடும்ப வைத்தியர் கல்லூரி அந்தத் தகுதியைத் தன் பரீட்சை இல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் பயிற்சிக்கும் அந்தச் சலுகை உண்டு. திருகோணமலையிலிருந்து நேரே வந்து இறங்கினால் எவருக்கும் தெரியாதவளாக வரிசையின் கடைசியில் நிற்பாள். லண்டன் வழியாகச் சுற்றி வந்தால் அதே பிள்ளைக்கு, அதே மூளைக்கும் அதே கைக்கும், நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். இதில் ஏதாவது மருத்துவக் காரணம் உண்டா என்று நான் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. எது எப்படியிருந்தாலும், அந்த வழியில் அவள் ஒரு நாள்கூட வெறுமனே இருக்க வேண்டியதில்லை. வைத்தியராக வேலை செய்பவர் கணவனை அங்கே அழைத்துக்கொள்ளவும் முடியும். மருமகனின் கணினி வேலையை எங்கிருந்தும் செய்யலாமாம். ஸ்பொன்சர் விண்ணப்பத்தை அவர்கள் இப்போதைக்குப் போடாததற்கும் காரணம் உண்டு. வதிவிட உரிமை வந்துவிட்டால் குறித்த திகதிக்குள் கனடாவில் போய் இறங்க வேண்டும். இறங்கிய அன்றே அவளுடைய வைத்தியத் தொழில் நின்றுவிடும்.

இந்த வழியிலும் பள்ளம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. இங்கிலாந்தில் இப்போது ஓர் ஆரம்பப் பதவிக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள், பயிற்சி இடங்களுக்கும் போட்டி பல மடங்காகிவிட்டது. பதிவு பெற்றும் மாதக்கணக்காக வேலையில்லாமல், வெளிநாட்டுப் பிள்ளைகள் ஓர் அறையை நான்கு பேராகப் பகிர்ந்து இருக்கிறார்களாம். அப்படி நடந்தால் திரும்பி வந்து இங்கேயே வேலை செய்வேன் என்கிறாள். அதற்காகத்தான் வேலையை விடாமல் லீவு எடுத்துப் போகிறாள்.

கடதாசி வேலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் குற்றவாளி நான். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் தமிழில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நான் ஆங்கிலத்தில் ‘ரி’, ‘எச்’ போட்டுத் தொடங்கினேன். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது மொழிபெயர்த்தவர் ‘டி’, ‘எச்’ போட்டார். பட்டச் சான்றிதழ் என் பெயரின் முதலெழுத்தோடு நிற்கிறது. கடவுச்சீட்டில் என் முழுப் பெயர் முன்னுக்கு நிற்கிறது. இந்த மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி முடிப்பதற்கு ஐந்து கிழமை போயிற்று. குடும்பப் பெயர் எது என்று கேட்கும் கட்டத்தில் வேறு வழியில்லாமல் என் பெயரை எழுதியிருக்கிறாள். ஆகவே மான்செஸ்டரில் கதவைத் திறந்து ‘டொக்டர் சிவலிங்கம்’ என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள். உதவி வைத்தியராக 31 வருடம் மூதூர்ப் பக்கத்தில் வேலை செய்து, ஊர் வாயில் டொக்டராகவும் பதிவேட்டில் வேறொன்றாகவும் இருந்து ஓய்வுபெற்றவனுக்கு அது கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த அவளுடைய சிநேகிதி ஒருத்தி நற்சான்றுப் பத்திரத்தை அவசரப்பட்டு முதலே எடுத்துவிட்டாள். அதற்கு ஆயுள் மூன்று மாதம். பட்டத்தை உறுதிசெய்து படித்த இடத்திலிருந்து போக வேண்டிய பதில் நான்காவது மாதம்தான் போனது. பாவம், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் கூத்தைக் கேள். மான்செஸ்டர்த் தேர்வுக்காக என் மனைவிதான் நோயாளி. கேக் போறணையில் வைக்கும்போது நேரம் பார்க்கும் சின்ன மணிக்கூட்டை எட்டு நிமிடத்துக்குத் திருகி மேசையில் வைப்பார்கள். தர்சினி கதவைத் தட்டி உள்ளே வந்து, தன் பெயரைச் சொல்லி, கையைக் கழுவுவதுபோல் பாவனை செய்து, நெஞ்செரிவு எப்போது தொடங்கியது என்று கேட்பாள். மனைவி அதற்குப் பதிலாக, பாலையூற்றில் தங்கை வீட்டில் சாப்பிட்ட கணவாய்க் கறியிலிருந்து தொடங்கி, தங்கையின் மாமியாருக்கு வந்த வருத்தம் வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அங்கே இருக்கும் நடிகர்கள் கேட்டால்தான் சொல்வார்களாம், கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டார்களாம். “உங்களுக்கு என்ன வருத்தமாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?” என்று நோயாளியிடம் கேட்பதற்கும் அங்கே புள்ளி உண்டு. இதைப் பழகுவதற்காகத் தன் வார்டிலும் ஒரு கிழவியிடம் கேட்டிருக்கிறாள். கிழவி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அது தெரிஞ்சா நான் ஏன் பிள்ளை உங்களிட்ட வாறன்?” என்றாளாம். அன்று முழுக்க அந்த வார்டில் கிழவிக்கு மதிப்புக் கூடிவிட்டது.

சிரித்தோம், ஆனால் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது என்று தர்சினி சொன்னாள். இரண்டாம் முறை சுற்றி வளைத்துக் கேட்டபோது, தன் தாய் செத்த அதே வருத்தம்தான் தனக்கும் வந்திருக்கிறது என்று பயந்து கிழவி மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருந்தது தெரியவந்ததாம். காலை ஏழு மணிக்கே துண்டு எடுத்துக்கொண்டு சனம் வரிசையில் நிற்கும் வெளிநோயாளர் பிரிவில் எங்களுக்கு அப்படிக் கேட்க எங்கே நேரம்? ஓர் ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் மத்தியானத்துக்குள் வரிசை கடற்கரை வரை போய்விடும். அந்தத் தேர்வு வீண் என்று நான் சொல்லவரவில்லை. இன்னொரு நாட்டு நோயாளி தன் வைத்தியரிடம் எதை எதிர்பார்க்கிறான் என்று பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் தமிழைப் படித்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம் அல்லவா?

முன்பு இந்தத் தேர்வுகளும் இல்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரியின் தகுதியைப் பிரித்தானியா 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏற்றிருந்தது. வெளிநாட்டு வைத்தியர்களுக்கான தேர்வை அவர்கள் தொடங்கியது 1975இல்தான். நாம் சிறுவர்களாக இருந்தபோது லண்டன் போய் வந்த பெரிய டொக்டர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், இந்தப் பந்தியைச் சம்பந்தி அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். நாமும் உத்தமர்கள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி ஒரு பையன், தாயின் நகையை அடகு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்திருக்கிறான். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு இலங்கை மருத்துவ சபை வைக்கும் தேர்வில் ஒரு பகுதி இன்னும் மிச்சம். அதில் தேறினாலும் உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் தமையனின் மருந்துக் கடையில் நின்று பனடோல் விற்கிறான். தர்சினியின் கதையைச் சொல்லிக் கனடாவைத் திட்டிக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போனபோது, அவன் ஒன்றும் பேசாமல் மிச்சக் காசை எண்ணித் தந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊர் மக்களைத் தகுதியில்லாதவர்களிடமிருந்து காக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தேர்வு என்று நானே எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன்!

வார்டை விட்டுவிட்டுப் போவது பற்றியும் நீ கேட்டிருந்தாய். 2022க்குப் பிறகு அவளுடைய வைத்தியசாலையிலிருந்து போனவர்களின் இரவு முறைகளை மிஞ்சியவர்கள்தான் பகிர்ந்து செய்கிறார்கள். இவளும் போனால் அவை இன்னொரு பிள்ளையின் தலையில் விழும். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவளிடமும் இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஓர் உதவிதான். சம்பந்தி அம்மாவிடம் இந்தச் சுற்றுப் பாதைக்கு நாலைந்து வருடம் செல்லும் என்பதை மறைக்காமல் சொல். நேர்ப் பாதையும் அதற்குக் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல். உனக்குத் தெரிந்த வட்டத்தில் இங்கிலாந்தில் பயிற்சி முடித்துக் கனடாவுக்கு வந்த தமிழ் வைத்தியர் யாராவது இருந்தால், தர்சினியோடு அரை மணித்தியாலம் பேசச் சொல். நான் கொப்பிக் கணக்கைத்தான் பார்த்தேன். நடந்து வந்தவர் சொன்னால் அவளுக்கும் எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

ஊரில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கோட்டைக்குள் மான்கள் நிழல் தேடி வாசல் வரை வந்து படுக்கின்றன. நேற்று இரவு ரயிலில் தர்சினி விசாவுக்குக் கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போனாள். போகிற வழியில் படிப்பதற்கென்று அந்தச் சின்ன மணிக்கூட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இன்று இடியப்பம் சரியாக அவியவில்லை.

அன்புடன்,
சிவலிங்கம்