1975ஆம் ஆண்டுக் கணக்கை இனியாவது மூடி வையுங்கள்

அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தாருக்கு,

வணக்கம்.

எந்த நாடு குறைந்த வரியில் எவ்வளவு கச்சா சர்க்கரையை உங்களுக்கு அனுப்பலாம் என்று நீங்கள் போடும் ஒதுக்கீட்டில் இந்த நிதியாண்டிலும் அதே 11,17,195 டன், கிட்டத்தட்ட அதே நாடுகள், அதே பங்குகள். அந்தப் பங்குகள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1975 முதல் 1981 வரை யார் உங்களுக்கு எவ்வளவு விற்றார்களோ, அதுதான் இன்றைக்கும் அளவுகோல். அன்று கரும்பு நட்டவரின் பேரன் இன்று நட்டுக்கொண்டிருக்கிறான். கணக்கு மட்டும் மாறவில்லை.

பட்டியலில் செயின்ட் கிட்ஸ் தீவுக்கு 7,258 டன். 300 ஆண்டுகளுக்கு மேல் கரும்பு விளைந்த அந்தத் தீவு 2005 அறுவடையோடு சர்க்கரைத் தொழிலையே மூடிவிட்டது. தன் தேவைக்கே சர்க்கரை வாங்கும் ஹைட்டிக்கும் அதே 7,258. பிலிப்பைன்ஸுக்கு 1,40,000 டன்னுக்கு மேல். உலகின் பெரிய ஏற்றுமதி நாடுகளில் ஒன்றான தாய்லாந்துக்கு 15,000 டன் அளவுதான்.

ஃபிஜிக்கு 10,000 டன்கூட இல்லை. இந்த மடலை எழுத வைத்ததே இந்த எண்தான். 1879 முதல் 1916 வரை, கரும்புத் தோட்ட வேலைக்கென்று 60,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அந்தத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் அதில் உண்டு. அவர்கள் வழிவந்தவர்கள் பலர் இன்றும் குத்தகை நிலத்தில் கரும்புதான் போடுகிறார்கள். அங்கே விவசாயிக்குக் கரும்பை இறக்கியதும் முழுப் பணமும் கைக்கு வந்துவிடாது. சர்க்கரை விற்று வரும் பணத்தில் அவர் பங்கு 70 சதவீதம், அதுவும் தவணை தவணையாகத்தான். வெட்டிய கரும்பு நிற்க நிற்க அதன் இனிப்பு குறைந்துகொண்டே போகும். ஆலை வாசலில் லாரியோடு காத்திருப்பவருக்கு அந்தக் கவலை ஒன்று. எங்கோ இருக்கிற ஒரு நாடு என்ன விலைக்கு, எவ்வளவு வாங்கும் என்ற கவலை இன்னொன்று. சில ஆண்டுகளாக அரசாங்கம் குறைந்தபட்ச விலைக்கு உறுதி கொடுத்துத் தாங்கிப் பிடிக்கிறது. சிறிய நாடு, எத்தனை காலம் தாங்கும்?

ஒதுக்கீட்டுக்கு மேல் ஒரு பவுண்டு அனுப்பினாலும் 15.36 சென்ட் வரி. உலகச் சந்தையில் கச்சா சர்க்கரையின் விலையே அதற்குக் கீழே கிடந்த ஆண்டுகள் உண்டு. விலையைவிட வரி அதிகம் என்றால் வராதே என்றுதானே பொருள்? யாரும் நிரப்பாத பங்கை நீங்கள் பிறகு மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது உண்மைதான். ஆனால் பல மாதம் கழித்துக் கொடுக்கிறீர்கள். அதற்குள் பலர் தங்கள் சர்க்கரையை வந்த விலைக்கு வேறு எங்காவது விற்று முடித்திருப்பார்கள்.

நீங்கள் மட்டும் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் பல பத்தாண்டுகள் இந்தச் சின்ன நாடுகளுக்கு நல்ல விலை கொடுத்துப் பழக்கிவிட்டு, 2009இல் அந்த உடன்படிக்கையை முடித்துக்கொண்டது. சீனா ஒதுக்கீட்டுக்கு மேல் 50 சதவீதம் வரி வைத்திருக்கிறது. எங்கள் இந்தியாவும் 2018இல் சர்க்கரை இறக்குமதி வரியை 100 சதவீதமாக்கியது. திறந்த சந்தை என்று எல்லா மாநாட்டிலும் பேசுகிறார்கள், சர்க்கரை என்று வந்தால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. சரி, அவர்களிடம் கேட்க வேண்டியதை அவர்களிடம் கேட்கலாம். இந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் கரும்பு விவசாயிகளும், சர்க்கரை எடுப்பதற்கென்றே பீட்ரூட் வகை பயிரிடும் விவசாயிகளும் பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மொத்த அளவை ஒரு டன்கூட ஏற்றச் சொல்லவில்லை. 1975–81 கணக்கை விட்டுவிட்டு, இன்று யார் விளைவிக்கிறார்கள், யாருடைய பிழைப்பு இதை நம்பியிருக்கிறது என்று பார்த்துப் பங்கிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சட்டப்படி அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், குறைந்தபட்சம் சர்க்கரையே செய்யாத நாடுகளின் பங்கையாவது நிதியாண்டின் முதல் நாளே ஃபிஜி போன்ற நாடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த பட்டியல் தயாராகும் முன் இதைப் பரிசீலிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒருவன்