கோத்தா கினபாலுவில் இருக்கும் தம்பிக்கு

தம்பி,

பணம் போட்டுவிட்டேன். வந்ததா என்றுகூட நீ சொல்லவில்லை. தங்கச்சி போனில் நீ அனுப்பியதைப் பார்த்தேன், அவளைத் திட்டாதே. "என்ன படிச்சாலும் கடைசில நாம இந்தியன்தானே, விடு." செந்தூல் மாமா பேசுகிற மாதிரியே இருக்கிறது. சித்தி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அது அப்புறம்.

நீ சொல்வதில் பாதி உண்மை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் பூமிபுத்திராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 சதவீதம் என்ற கோட்டா ஊரறிந்த சங்கதி. 2024-ல் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் 10 ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் என்றார்கள். 9 ஏ எடுத்த உனக்கு அது உதவவில்லை. அதை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. அப்புறம் ஆறாம் படிவத்தில் நீ எழுதிய எஸ்டிபிஎம் ரிசல்ட்டைத் தாத்தா இன்னும் கோவிலில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாழ்க்கை நம் கையிலா, விதியின் கையிலா என்று அளக்க அமெரிக்க உளவியலாளர் ரோட்டர் 1966-ல் 29 ஜோடி வாக்கியங்கள் போட்டார். அதில் 6 சும்மா நிரப்பியவை. 'என் கையில் இல்லை' என்ற பதில் கூடினால் சோர்வும் கூடும் என்றுதான் எங்களுக்கு உளவியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 1969-ல் பட்ரீஷியா குரின் குழுவினர் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களை ஆராய்ந்தபோது, அந்தத் தாள் இரண்டு விஷயங்களைக் குழப்புவது தெரிந்தது. 'எங்கள் மக்களை ஒதுக்குகிறார்கள்' என்பது ஒன்று, 'என்னால் ஆகாது' என்பது வேறு. முதலாவதைச் சொன்ன பிள்ளைகள் துவண்டுபோகவில்லை. கறுப்பினத்தவர் அதிகம் போகாத வேலைகளுக்கும் ஆசைப்பட்டார்கள். உன் பேச்சில் இரண்டும் ஒட்டிக்கிடக்கிறது.

பிரித்து எடு. தாளின் நடுவில் கோடு போடு. இடப்பக்கம் உன் கையில் இல்லாதது: கோட்டா, அரசாங்கப் பல்கலைக்கழக இடம் பற்றிய யுபியு முடிவு, ரூம் தர மறுத்த வீட்டுக்காரர். வலப்பக்கம் இந்த வாரம் நீ கைவைக்கக்கூடியது மட்டும். மதிப்பெண் சராசரி, அதான் பாய்ண்டர், எவ்வளவு இருந்தால் கோர்ஸ் மாற்ற மனு வாங்குவார்கள், கடைசித் தேதி எது என்று பேக்கல்ட்டி ஆபீஸில் நேரில் கேள். சீனியர் சொன்னான் என்று இருந்துவிடாதே. வலப்பக்கம் 'டீன்ஸ் லிஸ்ட்', அதாவது சிறந்த மாணவர் பட்டியல், என்று பெரிதாக எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. மூன்றாம் நாளே நழுவும், 'பார்த்தாயா, அப்பவே சொன்னேன்' என்று மனசு குத்திக்காட்டும். அதற்குப் பதில் தினமும் ஒரே நேரம், 20 நிமிடம் படி, முடிந்ததும் ஒரு டிக். முடியாவிட்டால் 10 நிமிடமாகக் குறை, நாளைக்குத் தள்ளாதே.

நம் பிள்ளைகளோடு சேர்ந்து இரு, அது தெம்பு. புலம்புவதற்கென்றே கூடுகிற மேசையை விட்டு எழுந்துவிடு.

சாப்பிட்டுத் தூங்கு. இரவு 2 மணிக்கும் ஆன்லைனில் தெரிகிறாய். இரண்டு வாரமாக முக்கால்வாசி நாள் மனசு கனத்து, புட்சாலிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் மாறியிருந்தால் அது சோம்பல் இல்லை. அரசாங்க கிளினிக்குக்குப் போ, 1 வெள்ளிதான் (ரிங்கிட்). 9 கேள்வித் தாள் ஒன்று தருவார்கள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதற்கு மட்டும் பொய் எழுதாதே. என்னிடம் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, அந்தத் தாளிடம் சொல். போனில் பேச 15555 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிக்காதே, தூங்கு. ஞாயிறு இரவு 9 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வீடியோ வேண்டாம், சும்மா கூப்பிடு.

அம்மா